கச்சேரி உத்தியோகத்தரின் இசைத்தட்டுகள்

கச்சேரி என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்திலே இரண்டு பொருள் உண்டு. காலையில் ஒருவர் "கச்சேரிக்குப் போறன்" என்றால், காணி விடயமாகவோ ஓய்வூதிய விடயமாகவோ அரசாங்க அதிபரின் பணிமனைக்குப் போகிறார் என்று விளங்கிக்கொள்வோம். மாலையில் அதே மனிதர் அதே வார்த்தையைச் சொன்னால், எங்கோ ஒரு கோயில் வீதியில் நாதஸ்வரமோ வாய்ப்பாட்டோ நடக்கப்போகிறது என்று விளங்கிக்கொள்வோம். ஒன்று கோப்புகளின் இடம், மற்றது இராகங்களின் இடம். இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

இந்த வாரம் நான் பேச எடுத்துக்கொண்டவர் இந்த இரண்டு கச்சேரிகளோடும் தொடர்புடைய ஓர் ஆங்கிலேயர். யாழ்ப்பாணக் கச்சேரியிலே உத்தியோகம் பார்த்து, பிற்காலத்தில் இங்கிலாந்தின் கிராமம் ஒன்றிலே, தம் வீட்டு அறையிலே, மாலைதோறும் இசைத்தட்டுகளால் கச்சேரி நடத்தியவர். அவர் பெயர் லெனாட் வூல்ஃப். நாவலாசிரியை வேர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்று உலகம் அவரை அறியும். 'த விலேஜ் இன் த ஜங்கிள்' என்ற நாவலின் ஆசிரியர் என்று இலங்கையர் நாம் அறிவோம். 1913இல் வெளிவந்த அந்த நாவல் சிங்களத்தில் 'பெத்தேகம' ஆயிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980களின் தொடக்கத்தில் அதைத் திரைப்படமாக்கியபோது, லெனாட் வூல்ஃபாக நடித்தவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். இவையெல்லாம் பலமுறை பேசப்பட்டவை. அவருடைய இசைத்தட்டுகளைப் பற்றி நம்மவர் அதிகம் பேசியதில்லை. ஒரு மனிதர் சேர்த்து வைத்த தட்டுகள் ஓர் இலக்கியத்துக்கும் ஒரு துயரத்துக்கும் எப்படித் துணை நின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

லெனாட் வூல்ஃப் 1904ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 24. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்றவர். தம்மோடு அவர் கொண்டுவந்தவை ஒரு நாயும், வோல்டேயரின் எழுத்துக்கள் அடங்கிய 90 பெரிய நூல்களும். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே தமிழ் கற்றார். 1906இல் மரிச்சுக்கட்டி முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்தார். பின்னர் கண்டியில் ஓராண்டு. அதன்பின் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவரைப் பலருக்குப் பிடிக்கவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, அவரே மறைக்கவில்லை. கச்சேரிக்கு வருகின்ற ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றைய தினமே பதில் போக வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். நம்மூர் எழுதுவினைஞர்கள் அதை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். கண்டிப்பு மிக்கவர், கர்வம் பிடித்தவர் என்று பெயர் எடுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் 1961இல் வெளிவந்த 'குரோயிங்' என்ற சுயசரிதை நூலிலே அந்த இளைஞனை அவரே நிறுத்தி விசாரிக்கிறார். ஆளுகின்ற இனத்தவனாக இருப்பதிலே தமக்கு ஏற்பட்ட ஐயத்தையும் எழுதுகிறார். 1911இல் விடுமுறையில் சென்றவர், மறு ஆண்டு உத்தியோகத்தைத் துறந்தார். அதே 1912 ஓகஸ்ட் மாதத்தில் வேர்ஜினியாவை மணந்தார்.

ஆனால் உத்தியோகம் போனாலும் உத்தியோகப் பழக்கம் போகவில்லை. எதையும் எழுதி வைப்பது, எண்ணி வைப்பது, அட்டவணைப்படுத்துவது என்ற பழக்கம் அவரோடு சாகும்வரை இருந்தது. உதவி அரசாங்க அதிபர் நாள்தோறும் தம் பணிகளைப் பற்றி உத்தியோக நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அக்காலத்து விதி. அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய அந்த நாட்குறிப்புகள் பின்னர் நூலாக அச்சாகி, இந்நாட்டு வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் ஆதாரமாக விளங்குகின்றன.

இந்தப் பழக்கத்தின் வேறொரு முகமும் உண்டு. அது நம் மொழியோடு தொடர்புடையது. மணமாகி ஓராண்டுக்குள் வேர்ஜினியாவுக்கு முன்பிருந்த மனநோய் மீண்டும் கடுமையாக வந்தது. அவர் எப்படி உறங்கினார், எப்படி உண்டார், மனநிலை எப்படி இருந்தது என்பதை லெனாட் நாள்தோறும் குறித்துவந்தார். அந்தக் குறிப்புகளைப் பிறர் படித்துவிடக்கூடாது. நோயாளியான மனைவியின் கண்ணில் பட்டாலும் அவர் படிக்கக்கூடாது. ஆகவே தமிழ் எழுத்துக்களையும் சிங்கள எழுத்துக்களையும் கலந்து ஒரு மறைகுறி முறையை அமைத்து, அதிலே எழுதினார். யாழ்ப்பாணத்திலே பரீட்சைக்காகக் கற்ற நம் நெடுங்கணக்கு, இங்கிலாந்தின் ஒரு வீட்டிலே ஒரு கணவனின் கவலையைப் பாதுகாக்கும் பூட்டாயிற்று. இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி இன்னும் மாறவில்லை.

இனி இசைத்தட்டுக்கு வருவோம்.

இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் உலகத்து இசை முழுவதும் காதுக்கு வந்துவிடுகிறது. இக்காலத்தவருக்கு 78 சுழற்சி இசைத்தட்டு என்றால் என்ன என்று சற்று விளக்கித்தான் ஆக வேண்டும். நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் கறுப்புத் தட்டு அது. 12 அங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய நாலு, நாலரை நிமிட இசைதான் அடங்கும். பிறகு எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஊசி தேய்ந்தால் மாற்ற வேண்டும். அதன் மூலப்பொருள்களில் முக்கியமானது அரக்கு. இந்தியக் காடுகளிலே, மரக் கொப்புகளிலே, ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பாரதக் கதையிலே பாண்டவரை எரிப்பதற்காகக் கட்டிய மாளிகையும் அரக்கு மாளிகைதான். எளிதில் உடைவது, வெப்பத்தில் வளைவது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் 1908இலேயே கிராமபோன் கம்பனியின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதற்கு இந்த அரக்கும் ஒரு காரணம். வியன்னாவின் இசையானாலும் தஞ்சாவூரின் இசையானாலும், ஐம்பது ஆண்டு காலம் இந்தப் பூச்சியின் பிசினிலேயே பதிந்து வந்தது.

என் தாய்மாமன் வீட்டில் அப்படிப்பட்ட தட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. ராஜரத்தினம்பிள்ளையின் தோடியை அவர் போடும்போது, ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் தொடங்கும் வரையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. தட்டைத் திருப்பும் அந்தச் சில விநாடிகளில் இராகம் அறையிலே தொங்கிக்கொண்டு நிற்கும். எந்தத் தட்டை எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினார் என்று ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார் மாமா. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கி இடம்பெயர்ந்தபோது, தட்டுப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. காணி உறுதிகளோடு சேர்ந்து அந்தக் கொப்பி மட்டும் எப்படியோ வந்துவிட்டது. அந்தக் கொப்பியைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறேன்.

1925ஆம் ஆண்டு ஒலிப்பதிவு வரலாற்றிலே ஒரு திருப்புமுனை. அதற்கு முன், இசைஞர்கள் ஒரு பெரிய ஊதுகுழல் போன்ற கூம்பின் முன் நெருக்கி நின்று வாசிக்க வேண்டும். ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகிலே கோடு கீறும். வயலினின் நுண்மையும் செல்லோவின் ஆழமும் அதிலே சரியாகப் பதியமாட்டா. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. ஒலிவாங்கியின் முன் சாதாரணமாக அமர்ந்து வாசிக்கலாம் என்றாயிற்று. அதே காலத்தில்தான் கொழும்பிலும், தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் கிராமபோன் இசையை வானலையில் அனுப்பிப் பரீட்சித்து, 1925 டிசம்பரில் இந்நாட்டு வானொலி பிறந்தது. வானொலிக்குக் காது கொடுக்கும் நேயர்கள், நமது வானொலியும் ஓர் இசைத்தட்டிலிருந்து பிறந்த குழந்தை என்பதை மறக்கக்கூடாது.

அந்த 1920களின் நடுவிலே வூல்ஃப் வீட்டுக்கும் ஒரு நல்ல கிராமபோன் வந்து சேர்ந்தது. 1926 முதல் சில ஆண்டுகள் லெனாட் தாம் இலக்கிய ஆசிரியராக இருந்த 'த நேஷன் அன்ட் அதீனியம்' வார இதழிலே, புதிதாக வெளிவரும் இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதினார். அரசியல், நூல் விமர்சனம், ஹோகார்த் அச்சகப் பதிப்பு வேலை எல்லாவற்றுக்கும் நடுவிலே இதையும் ஒழுங்காகச் செய்தார். தட்டுகளைத் தொழிலாகக் கேட்டார், மகிழ்ச்சிக்காகவும் கேட்டார். பாக், ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் என்ற மரபே அவருக்கு உகந்தது. வாக்னரின் பேரோசை அவருக்கு ஒத்துவரவில்லை.

1927 மார்ச் 26ஆம் திகதி பீத்தோவன் மறைந்து நூறு ஆண்டு நிறைவெய்தியது. நூற்றாண்டை ஒட்டிக் கொலம்பியா கம்பனி அவருடைய படைப்புகளைத் தட்டுகளாகக் குவித்து வெளியிட்டது. ஹங்கேரியைச் சேர்ந்த லேனர் நால்வர் குழு, பீத்தோவனின் நால்வரிசைகள் அனைத்தையும் அந்தக் கம்பனிக்காகப் படிப்படியாகப் பதிவு செய்தது. நால்வரிசை என்று நான் சொல்வது, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நாலு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ஸ்ட்ரிங் குவாட்டெட் என்னும் வடிவத்தை. அதிலே பக்கவாத்தியம் என்று ஒன்றில்லை. நாலும் சமமாகப் பேசிக்கொள்ளும். பீத்தோவன் முற்றாகச் செவிப்புலன் இழந்த கடைசி ஆண்டுகளிலே எழுதிய நால்வரிசைகள், அவர் காலத்தவருக்கே புரியாதவையாக இருந்தன. நூறு ஆண்டுகள் கழிந்தும் அவற்றை நேரில் கேட்கும் வாய்ப்பு எல்லோருக்கும் எப்போதும் கிட்டுவதாக இல்லை. ஒருமுறை கேட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய இசையும் அல்ல அது.

இங்கேதான் இசைத்தட்டு ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. அந்தக் கடினமான இசையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கவிதையை மீண்டும் மீண்டும் படிப்பது போல, இசையையும் மீண்டும் மீண்டும் கேட்கலாம் என்றாக்கியது. அதன் பலன் ஆங்கில இலக்கியத்திலே உடனே தெரிகிறது. 1928இல் வெளிவந்த அல்டஸ் ஹக்ஸ்லியின் 'பொயின்ட் கவுன்டர் பொயின்ட்' நாவலின் உச்சக்கட்டத்திலே, ஒரு பாத்திரம் கிராமபோனில் பீத்தோவனின் கடைசிக்கால நால்வரிசை ஒன்றைப் போட்டுவிட்டே சாவை எதிர்கொள்கிறது. கவிஞர் ரி. எஸ். எலியட் 1931இல் நண்பர் ஸ்டீபன் ஸ்பென்டருக்கு எழுதிய கடிதத்தில், தம்மிடமுள்ள பீத்தோவன் நால்வரிசைத் தட்டுகளைப் பற்றி, எத்தனை முறை கேட்டாலும் தீராதது அந்த இசை என்ற கருத்துப்பட எழுதுகிறார். பின்னர் தம் நெடுங்கவிதைத் தொகுதிக்கு 'நாலு நால்வரிசைகள்' என்றே பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் ஒரே காலத்தில் ஒரே இசைஞனின் பிற்கால இசையிலே மூழ்கியது தற்செயல் அன்று. தட்டு வந்தது, ஆகவே கேட்டார்கள்.

வேர்ஜினியா வூல்ஃபுக்கு வருவோம். அவர் இசைக் கலைஞர் அல்லர். இளமையிலே ஒபெராவுக்குப் போனவர், 1909இல் வாக்னரின் பைறொய்த் விழாவுக்கும் போய்வந்தவர். ஆயினும் இசையறிவு உடையவர் என்று தம்மை அவர் சொல்லிக்கொள்வதில்லை. 1940ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில், தாம் முறையாக இசை கற்றவர் அல்ல என்றாலும், தம் நூல்களை எழுதுவதற்கு முன்பு அவற்றை இசையாகவே கருதிப் பார்ப்பது வழக்கம் என்று அவர் கூறுகிறார். அந்த வழக்கத்தை வளர்த்ததில், இராச் சாப்பாட்டுக்குப் பின் கணவர் போட்ட தட்டுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் துணிபு. துணிபுக்கு ஆதாரம் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது.

'த வேவ்ஸ்' - அலைகள் - என்ற நாவல் 1931 ஒக்டோபரில் வெளிவந்தது. கதை என்று சொல்லத்தக்கது அதிலே குறைவு. ஆறு பேரின் உள்ளக் குரல்கள் மாறிமாறி ஒலிக்கின்றன, இடையிடையே கடற்கரையும் சூரியனும் வருகின்றன. 1927 ஜூன் மாதத்து நாட்குறிப்பிலே, இந்த நாவலின் கரு தம் மனதில் உருவாவதை எழுதும் இடத்தில், இரவில் பீத்தோவனின் பிற்காலச் சொனாட்டாக்களைக் கேட்டதையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். மூன்றரை ஆண்டுகள் கழிந்து, நாவலை முடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த 1930 டிசம்பர் 22ஆம் திகதி, இன்னொரு குறிப்பு. முந்தின இரவு பீத்தோவன் நால்வரிசை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கையில் வழி தெரிந்தது என்கிறார். இடையிடையே சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் பேர்னாட் என்ற பாத்திரத்தின் இறுதி நெடும்பேச்சுக்குள் கரைத்துவிடலாம் என்பதே அந்த வழி. நாவலும் அப்படியே முடிகிறது. ஓர் இலக்கியப் படைப்பின் கட்டமைப்புச் சிக்கல் கிராமபோனின் முன்னால் அவிழ்ந்ததற்கு, திகதியோடு கூடிய சாட்சியம் இது.

அவருடைய கடைசி நாவல் 'பிற்வீன் த அக்ட்ஸ்'. அதிலே கிராமபோன் ஒரு பாத்திரமாகவே ஆகிவிடுகிறது. கிராமத்தவர் திறந்த வெளியில் நடிக்கும் நாடகத்துக்கு, புதருக்குள் மறைத்து வைத்த கிராமபோன் ஒன்று இசை கொடுக்கிறது. ஊர் மக்களைக் கூட்டுவதும் கலைப்பதும் அந்தப் பெட்டிதான். இரண்டாம் உலக யுத்தம் நெருங்கிவரும் வேளையில் நடக்கும் கதை அது. தாம் எழுதி முடித்த அந்த நாவல் அச்சாகி வருவதைக் காண வேர்ஜினியா உயிரோடு இல்லை.

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் நடந்த ஒரு சம்பவத்தை லெனாட் தம் சுயசரிதையிலே சொல்கிறார். சசெக்ஸ் மாகாணத்து றொட்மெல் கிராமத்திலே, 1919இல் அவர்கள் வாங்கிய மங்க்ஸ் ஹவுஸ் என்ற வீடு. அவர் தோட்டத்திலே ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் பூச்செடி நட்டுக்கொண்டிருக்கிறார். வானொலியில் ஹிட்லர் பேசுகிறான் என்று வேர்ஜினியா சன்னலிலிருந்து கூப்பிடுகிறார். நான் வரவில்லை, நான் நடும் பூ அவன் செத்துப் பல காலத்தின் பின்னும் பூக்கும் என்று இவர் பதில் குரல் கொடுக்கிறார். அப்படியே பூத்தது என்று 1960களில் எழுதுகிறார். லெனாட் யூத குலத்தவர். ஜெர்மன் படை இங்கிலாந்திலே இறங்கினால் தமக்கும் மனைவிக்கும் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஹிட்லர் பேசிய அதே ஜெர்மன் மொழிதான் பீத்தோவனின் மொழியும். ஆயினும் மாலையிலே பீத்தோவன் தட்டுகள் அந்த வீட்டில் நிற்கவில்லை. ஓர் இசையை அதன் மொழிக்காரரின் குற்றத்துக்காகத் தண்டிக்கும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. நம்முடைய நாட்டிலே இதைச் சற்று நின்று யோசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1940 இலையுதிர் காலத்துக் குண்டுவீச்சிலே அவர்களின் லண்டன் இருப்பிடங்கள் நாசமாயின. மனநோய் மறுபடியும் தம்மைப் பற்றுகிறது, இம்முறை மீளமுடியாது என்று அஞ்சிய வேர்ஜினியா, 1941 மார்ச் 28ஆம் திகதி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூன்று வாரங்களின் பின்னரே உடல் கிடைத்தது. ஏப்ரல் 21ஆம் திகதி பிறைற்றன் நகரில் தகனம் நடந்தது. லெனாட் தனியாகவே போனார்.

அந்த நாளைப் பற்றி அவர் தமது சுயசரிதையின் கடைசிப் பாகத்திலே எழுதியிருப்பது மிகக் குறைவு. குறைவாக எழுதியிருப்பதனாலேயே கனமாக இருக்கிறது. தகனத்தின்போது எந்த இசை ஒலிக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் முன்னொரு காலத்தில் பாதி விளையாட்டாகப் பேசிக்கொண்டார்களாம். பீத்தோவனின் 130ஆம் இலக்க நால்வரிசையிலே வரும் கவட்டீனா என்ற பகுதிதான் தகுந்தது என்பது லெனாட்டின் எண்ணம், வேர்ஜினியாவுக்கும் அது சம்மதம். அந்தப் பகுதி 1825இல் எழுதப்பட்டது. நிதானமாகப் போகும் ஒரு பாட்டு. நடுவிலே ஓரிடத்தில் மற்ற மூன்று வாத்தியங்களும் நாடித் துடிப்புப் போல ஒலிக்க, முதல் வயலின் மூச்சுத் திணறுவது போலத் தயங்கித் தயங்கிப் பேசும். நெஞ்சு அடைத்தாற்போல என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லைப் பீத்தோவன் அவ்விடத்தில் தம் கையால் எழுதி வைத்திருக்கிறார். தகனசாலையின் கதவு திறந்து பேழை மெல்ல உள்ளே நகரும் கணத்துக்கும் இந்த இசைக்கும் ஒரு பொருத்தம் உண்டு என்று லெனாட் கருதியிருந்தார்.

ஆனால் துக்கத்திலே உறைந்திருந்தவருக்கு அதை ஏற்பாடு செய்யச் சக்தி இருக்கவில்லை. அன்று பேழை உள்ளே போனபோது, அவர் கேளாமலே வேறோர் இசை ஒலித்தது. குளுக் என்ற இசைஞரின் 'ஓர்ஃபியோ' ஒபெராவிலிருந்து பேறுபெற்ற ஆன்மாக்களின் இசை. இறந்த மனைவியை மீட்க மறுலோகம் சென்ற இசைஞனின் கதைதான் அந்த ஒபெரா. அழகான இசைதான், ஆனால் அவர்கள் இருவரும் பேசி வைத்த இசை அல்ல. லெனாட் வீடு திரும்பினார். அன்று மாலை, தனியாக, கவட்டீனாவைத் தம் கிராமபோனில் போட்டுக் கேட்டார்.

அவ்வளவுதான் அவர் சொல்வது. மேலே உள்ளதை நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். கவட்டீனா ஆறேழு நிமிடம் நீள்வது. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்திலே அது அடங்காது. ஆகவே அநேகமாக நடுவிலே இசை நின்றிருக்கும். அவர் எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டியிருந்திருக்கும். லெனாட்டுக்குப் பிறவியிலிருந்தே கை நடுங்கும். அந்த நடுக்கத்தால்தான் 1916இல் படைச் சேவையிலிருந்து அவருக்கு விலக்குக் கிடைத்தது. அந்த நடுங்கும் கையாலே ஊசியை எடுத்து வைத்து, மீதிப் பாதியையும் கேட்டிருப்பார். ஊருக்காகச் செய்யும் சடங்கு பகலில் தகனசாலையிலே முடிந்துவிட்டது. மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் நிறைவேற்றியது அந்த மாலையிலேதான். தட்டு வீட்டில் இருந்தபடியால் அது முடிந்தது. இசைத்தட்டுச் சேகரிப்பு என்பது பொழுதுபோக்கு, ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த ஒரு மாலையைத்தான் பதிலாகக் காட்டுவேன்.

அதன் பின் லெனாட் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1960இல் இலங்கைக்கு மீண்டும் வந்து, தாம் உத்தியோகம் பார்த்த இடங்களைச் சுற்றிப் பார்த்தார். ஐந்து பாகங்களில் சுயசரிதை எழுதினார். இசை கேட்பதையும் விடவில்லை. கச்சேரிப் பழக்கம் இதிலும் தொடர்ந்தது. தம் தட்டுகளுக்கு அட்டைகளில் அட்டவணை வைத்திருந்தார். எந்த நாளில் எந்த இசையைக் கேட்டார் என்பதற்கு ஒரு தனி நாட்குறிப்பே எழுதிவந்தார். இவை அவருடைய ஏனைய கடிதங்கள், கோப்புகளோடு சசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே பாதுகாக்கப்பட்டுள்ளன. அவர்கள் வீட்டு நூல்கள் கடல் கடந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. வூல்ஃப் தம்பதியர் எதைப் படித்தார்கள் என்று ஆராய்ந்து வந்தவர்கள், பிற்காலத்தில் எதைக் கேட்டார்கள் என்றும் ஆராயத் தொடங்கினார்கள். அதற்கு வழி திறந்தவை கணக்கெழுதும் மனிதர் ஒருவர் எழுதி வைத்த இந்த ஏடுகளே.

1969இல், தாம் இறந்த ஆண்டில், வெளிவந்த சுயசரிதையின் கடைசிப் பாகத்திலே லெனாட் ஒரு கணக்குப் போடுகிறார். வாழ்நாளில் 150,000 முதல் 200,000 மணித்தியாலம் வரை வேலை செய்திருக்கிறேன், அத்தனையும் பயனற்ற வேலை என்கிறார். குழுக்களிலே இருந்தது, அறிக்கைகள் எழுதியது, உலக சமாதானத்துக்குத் திட்டங்கள் வரைந்தது எதுவும் உலகத்தின் போக்கை மாற்றவில்லை என்பது அவர் தீர்ப்பு. கடுமையான தீர்ப்பு. ஆனால் அந்தக் கணக்கிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கூட்டிப் பார்த்தது வேலை செய்த மணித்தியாலங்களை. கிராமபோனின் பக்கத்திலே உட்கார்ந்திருந்த மணித்தியாலங்கள் அந்தப் பயனற்ற கணக்கிலே சேரவில்லை. அவை வேறொரு கொப்பியிலே இருக்கின்றன. அந்த மாலைகளில் ஒன்றின் பயனாகத்தான் 'அலைகள்' நாவல் தன் முடிவைக் கண்டது என்பதை நாம் இப்போது அறிவோம்.

கவட்டீனாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1977ஆம் ஆண்டு அமெரிக்கா அனுப்பிய இரண்டு வொயேஜர் விண்கலங்களிலும், பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. மனித குலத்தின் இசையிலிருந்து தெரிந்தெடுத்த 27 பகுதிகள் அதிலே உள்ளன. கேசர்பாய் கேர்க்கர் பாடிய ஹிந்துஸ்தானி இசையும் அதிலே உண்டு. கடைசியாக இடம்பெறுவது புடாபெஸ்ட் நால்வர் குழு வாசித்த கவட்டீனா. லெனாட் இறந்து எட்டு ஆண்டுகளின் பின் புறப்பட்ட அந்தத் தட்டு, சூரியனின் காற்று வீசும் எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அரக்கிலே பதிந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்து அறையிலே ஒரு மனிதர் தனித்திருந்து கேட்ட அதே இசைதான் அது.

மாமாவின் கொப்பிக்கு வருகிறேன். அதிலே 140க்கு மேற்பட்ட தட்டுகளின் பெயர்கள் உள்ளன. சில பெயர்களுக்கு எதிரே சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. நீண்ட காலம் அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மாமியிடம் கேட்டேன். "அது கீறல் விழுந்த தட்டுகள், தம்பி. அடிக்கடி போட்டது" என்றார். தோடிக்கு எதிரே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. தட்டு இன்று இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலே ஒருவர் அதைத் தேயத் தேயக் கேட்டார் என்பதற்கு அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. நேயர்கள் வீடுகளிலும் இப்படிப்பட்ட கொப்பிகளோ, கடிதங்களோ, தட்டு உறைகளின் மேல் எழுதிய பெயர்களோ கிடக்கக்கூடும். அவற்றைப் பழைய கடதாசியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்பதும் நம் வரலாறுதான். யாழ்ப்பாணக் கச்சேரியிலே நம்மவரோடு சண்டை பிடித்த அந்தக் கண்டிப்பான உத்தியோகத்தரிடமிருந்து நாம் இந்த ஒரு பழக்கத்தையாவது கற்றுக்கொள்ளலாம்.